ரோமப் பேரரசின் பேரிடர் நிவாரணம்: ஊருக்கா, உயிர் தப்பியவருக்கா?

நெய்தலான் (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். சில மாதங்களாக ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸை மெதுவாகப் படித்து வருகிறேன். கி.பி. 17-ஆம் ஆண்டைப் பற்றிய ஒரு பத்தியைத் தாண்டிப் போக முடியாமல் நின்றுவிட்டேன். அதைப் பற்றிக் கேட்கவே இந்த இழை.

இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியை ரோமர் ஆசியா மாகாணம் என்று அழைத்தனர். அங்கே ஒரே இரவில் பன்னிரண்டு நகரங்கள் நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்தன. இத்தகைய வேளையில் மக்கள் வெட்டவெளிக்கு ஓடித் தப்புவது வழக்கம். அன்று அதுவும் கைகொடுக்கவில்லை, பிளந்த நிலமே ஓடியவர்களை விழுங்கியது என்கிறார் அவர். மிக மோசமாக அடிபட்டது சர்தை நகரம். பேரரசர் திபேரியஸ் அந்நகருக்கு ஒரு கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) தருவதாக வாக்களித்து, அது அரசுக் கருவூலத்துக்குச் செலுத்த வேண்டியவற்றை ஐந்து ஆண்டுகளுக்குத் தள்ளுபடி செய்தார். சிபிலஸ் மலையடியிலிருந்த மக்னீசியா இழப்பிலும் உதவியிலும் இரண்டாவதாக வைக்கப்பட்டது. எஞ்சிய நகரங்களுக்கும் அதே காலத்துக்குத் திறை நீக்கப்பட்டது. நேரில் பார்த்து ஆவன செய்ய ஒரு செனட் உறுப்பினரும் அனுப்பப்பட்டார்.

படித்தவுடன் வியப்புத்தான் வந்தது. இழப்பின் மதிப்பீடு, அதற்கேற்ற தொகை, வரி விலக்கு, பார்வையிட ஓர் அதிகாரி என்று இன்றைய அரசாணை ஒன்றைப் படிப்பது போலவே இருந்தது. மறுமுறை படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. அந்தப் பத்தியில் உதவி பெறுவோர் அனைவரும் நகரங்கள். ஒரு மனிதர்கூட இல்லை. இடிபாட்டிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த ஒரு பெண்ணுக்கு அந்த ஒரு கோடியில் ஏதேனும் போய்ச் சேர்ந்திருக்குமா? ரோம நிவாரணம் என்பது மதிலுக்கும் கோயிலுக்கும் தூண் மண்டபத்துக்கும் தரப்பட்டதா, மனிதர்களுக்குத் தரப்பட்டதா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றி.

கல்வெட்டுக்காதலன்:

நல்ல இழை. தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு இந்த ஊர்கள் பழக்கமானவை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் ஏழு சபைகளின் ஊர்களில் சர்தையும் பிலதெல்பியாவும் இந்தப் பன்னிரண்டில் அடங்கும்.

உங்கள் ஐயத்துக்குக் கல்லும் காசும் சாதகமாகவே பேசுகின்றன. கி.பி. 22, 23 அளவில் ரோமில் ஒரு செஸ்டர்ஸ் காசு வெளியானது. திபேரியஸ் இருக்கையில் அமர்ந்திருக்க, ஆசியாவின் நகரங்கள் மீட்டமைக்கப்பட்டன என்று பொருள்படும் வாசகம் சுற்றி ஓடுகிறது. புத்தியோலித் துறைமுகத்தில் 1693-இல் கண்டெடுக்கப்பட்டு, இன்று நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் சலவைக்கல் பீடம் இன்னும் விரிவானது. அதில் பதினான்கு நகரங்கள் பதினான்கு உருவங்களாகப் பெயருடன் செதுக்கப்பட்டுள்ளன. முதற் பன்னிரண்டோடு பின்னர் பாதிக்கப்பட்ட கிபிராவும் எபேசும் சேர்ந்துகொண்டன. நகரமே ஆளாக உருவெடுத்து நிற்கிறது. நகரத்தில் வாழ்ந்த ஆளைக் காணோம். உதவி பெற்ற நகரங்கள் நன்றிக்கடனாகத் தங்கள் பெயரையே மாற்றிக்கொண்டன. பிலதெல்பியா தன்னை நியோகைசரேயா என்றும், கிபிரா தன்னைக் கைசரேயா என்றும் அழைத்துக்கொண்டன.

அனுப்பப்பட்ட அதிகாரியைப் பற்றியும் ஒரு சொல். மார்க்கஸ் அத்தேயஸ் என்ற அவர் பிரேட்டர் என்ற உயர் பதவி வகித்தவர். ஆசியாவின் ஆளுநரோ அதற்கும் மேலான கான்சல் பதவி வகித்தவர். சமநிலையில் இருவர் ஒரே இடத்தில் இருந்தால் போட்டி மூண்டு வேலை கெடும் என்பதற்காகவே ஒரு படி கீழே இருந்தவரைத் தேர்ந்தெடுத்தார்களாம். அந்தக் காலத்திலும் ஒரே மாவட்டத்தில் இரண்டு பெரிய அதிகாரிகள் என்றால் தலைவலிதான் போலும்.

உதவி எப்படிக் கிடைத்தது என்பதற்கு இன்னொரு கதை. அகஸ்டஸ் காலத்தில், கி.மு. 26-ஐ ஒட்டி, டிராலிஸ் நகரம் நிலநடுக்கத்தில் வீழ்ந்தது. கைரேமோன் என்ற உழவர் ஊரின் துயரம் தாளாமல் ரோமுக்குப் புறப்பட்டார். பேரரசர் அங்கே இல்லை, ஸ்பெயினின் வடகோடியில் கந்தாபிரியரோடு போர் புரிந்துகொண்டிருந்தார். கைரேமோன் அங்கேயும் போய் நின்று முறையிட்டார். கான்சல் பதவி வகித்த ஏழு பெருமக்களைப் பணத்துடன் அனுப்பி அகஸ்டஸ் ஊரை எழுப்பிக் கொடுத்தார். இதைச் சொல்பவர் ஆறு நூற்றாண்டு கழித்து வாழ்ந்த அகாத்தியஸ். கைரேமோனின் சிலைப் பீடத்தையும் அதிலிருந்த பாடலையும் தாமே வயலில் பார்த்ததாக எழுதியிருக்கிறார். அந்தக் கைரேமோன் வெறும் உழவர் அல்லர், அப்பகுதியின் பெருஞ்செல்வக் குடும்பத்தவர் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. ஆசியாவிலிருந்து ஸ்பெயின் வரை போய், போர்ப் பாசறையில் பேரரசரைச் சந்திக்க ஓர் ஏழை உழவரால் முடிந்திருக்குமா?

கேட்கத் தெரிந்த ஊருக்குக் கிடைத்தது என்பதே என் கணிப்பு. 178-ஐ ஒட்டிச் சிமிர்னா அழிந்தபோதும், புகழ்பெற்ற பேச்சாளர் ஏலியஸ் அரிஸ்டைடிஸ் மார்க்கஸ் அவுரேலியஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். பாழ்பட்ட நகரின் ஊடே மேல்காற்று வீசுகிறது என்ற வரியைப் படித்ததும் பேரரசரின் கண்ணீர் ஏட்டில் விழுந்ததாம். அரிஸ்டைடிஸ் இல்லாத ஊர்கள் என்ன செய்தன என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

பழங்காசு:

தொகையின் அளவை உணர ஒரு சிறு கணக்கு. அக்காலத்தில் ஒரு சாதாரணப் படைவீரரின் ஆண்டு ஊதியம் 900 செஸ்டர்ஸ். அப்படியென்றால் சர்தைக்கு வாக்களித்த ஒரு கோடி, ஏறத்தாழ 11,000 வீரர்களின் ஓராண்டு ஊதியம், அதாவது இரண்டு படையணிகளுக்கானது.

நம் பக்கத்திலிருந்து இன்னோர் அளவுகோலும் உண்டு. இந்திய வணிகம் ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸைப் பேரரசிலிருந்து உறிஞ்சுகிறது என்று ரோம எழுத்தாளர் மூத்த பிளினி புலம்பினார். மிளகுக்கும் முத்துக்கும் ஓராண்டில் போனதாக அவர் சொல்லும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் சர்தைக்குக் கிடைத்தது. கொங்குப் பகுதியில் புதையல் புதையலாகக் கிடைக்கும் திபேரியஸ் காசுகள் வெள்ளித் தெனாரிகள் என்பதையும் குறிப்பிட்டுவிடுகிறேன். நிலநடுக்க வாசகம் உள்ள காசு பித்தளை. அது உள்நாட்டுப் புழக்கத்துக்கு, உள்நாட்டு மக்கள் படிப்பதற்கு அடித்தது.

ஓய்வுபெற்ற கணக்கர்:

வருவாய்த்துறையில் முப்பது ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், நண்பர் நெய்தலான் தள்ளுபடியை எளிதாகக் கடந்து போனது எனக்குச் சற்று உறுத்தலாக இருக்கிறது. ரொக்கத்தைவிட வரித் தள்ளுபடிதான் கீழே வரை இறங்கக்கூடியது. சீசர் காலத்துக்கு முன்பு ஆசியாவின் நேர்வரியைக் குத்தகைக்காரர்கள் வசூலித்தார்கள். சீசர் அதை மாற்றி அந்தந்த நகரமே வசூலித்துக் கட்டும்படி செய்தார். ஆகவே நகரத்தின் திறையை நீக்கினால், நகர மன்றம் உழவரிடம் வசூலிக்க வேண்டிய தேவை குறைகிறது. வீடு இடிந்தவருக்கு வீடு கட்ட அது உதவாது, உண்மை. ஆனால் அடுத்த அறுவடையை அவரே வைத்துக்கொள்ள உதவும்.

ஆனால் இதில் ஒரு பெரிய ஆனால் இருக்கிறது. மேலே நீக்கப்பட்ட வரி கீழேயும் நீக்கப்பட்டதா என்று யார் பார்ப்பது? வசூலிப்பவரும் நகர மன்றம், சலுகை பெறுபவரும் நகர மன்றம். மன்றத்தில் இருப்பவர்களோ பெருநிலக்கிழார்கள். மதிலைக் கட்ட வேண்டும் என்று சொல்லி அவர்கள் தொடர்ந்து வசூலித்திருக்கவும் கூடும். நிலமே இல்லாதவருக்கு, பிறர் வீட்டில் வாடகைக்கு இருந்த நெசவாளிக்கு, நிலவரித் தள்ளுபடியால் ஒரு பயனும் இல்லை.

பிலதெல்பியா பற்றிப் பண்டைய புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்நகரில் சுவர்கள் அன்றாடம் விரிசல் விட்டுக்கொண்டே இருந்தன. ஆகவே ஊருக்குள் சிலரே வாழ்ந்தார்கள், பெரும்பாலோர் வயல்வெளியில் உழவு செய்து காலம் தள்ளினார்கள் என்கிறார். பேரரசர் நகரத்தை மீட்டமைத்தார். மக்கள் அதற்குள் போய்ப் படுக்க அஞ்சினார்கள். வெளியே போகாமல் நிலைத்திருப்பதைப் பற்றியும் புதிய பெயரைப் பற்றியும் வெளிப்படுத்தின விசேஷம் பிலதெல்பியாவுக்குச் சொல்வதை இந்தப் பின்னணியில் படிப்பவர்கள் உண்டு. அது சரியோ தவறோ, அந்த ஊர்க்காரருக்கு அச்சொற்கள் வேறு விதமாகக் கேட்டிருக்கும்.

நெய்தலான்:

ஐயா, ஏற்றுக்கொள்கிறேன். தள்ளுபடியைக் குறைத்து மதிப்பிட்டது என் பிழை.

மாகாணங்களை விட்டு ரோம் நகரத்துக்கு வந்தால் படம் மாறுவதையும் கவனித்தேன். கி.பி. 27-இல் சீலியன் குன்று எரிந்தபோது திபேரியஸ் இழப்புக்கேற்பப் பணம் கொடுத்தார். யாருடைய பரிந்துரையும் இல்லாமல், முன்பின் அறியாதவர்களையும் தேடி அழைத்துக் கொடுத்ததால் மக்களும் செனட்டும் பாராட்டினார்கள். 36-இல் அவென்டைன் குன்றும் அதையொட்டிய தேரோட்டத் திடலின் பகுதியும் எரிந்தன. அப்போது செலவிட்டது பத்துக் கோடி செஸ்டர்ஸ். இழப்பை மதிப்பிடத் தம் பேத்திகளின் கணவர்கள் நால்வரை நியமித்து, ஐந்தாவதாகக் கான்சல்கள் முன்மொழிந்த ஒருவரையும் சேர்த்தார். சொந்தக் குடும்பத்தாரையே குழுவில் போட்டதைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றினாலும், குழு என்று ஒன்று இருந்தது, மதிப்பீடு என்று ஒன்று நடந்தது.

ஆனாலும் கொடுக்கப்பட்டது வீடுகளின் விலையும், பல குடும்பங்கள் வாடகைக்குக் குடியிருந்த அடுக்குக் கட்டடங்களின் விலையும். அவற்றின் விலையைப் பெறுபவர் உரிமையாளர். ஐந்தாம் மாடியில் ஒரு சிறு அறையில் குடியிருந்தவர் தம் பாயையும் அடுப்பையும் இழந்ததற்கு யார் கொடுத்தார்கள்?

அதற்கு விடை 64-ஆம் ஆண்டின் பெருந்தீயில் ஓரளவு கிடைக்கிறது. அதைக் கொடுப்பவர் யார் என்பதுதான் வேடிக்கை. நகரின் பதினான்கு வட்டாரங்களில் நான்கு மட்டுமே தப்பின. மூன்று தரைமட்டமாயின, ஏழில் எரிந்த சுவர்களே எஞ்சின. மார்ஸ் திடலையும் அக்ரிப்பா கட்டிய மண்டபங்களையும் தம் சொந்தத் தோட்டங்களையும் நீரோ திறந்துவிட்டார். ஒன்றுமில்லாமல் வந்து சேர்ந்தவர்களுக்கு அவசரக் கொட்டகைகள் போடப்பட்டன. ஓஸ்தியாவிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் பொருள்கள் வந்தன. தானியத்தின் விலை ஒரு மோடியஸ் அளவுக்கு மூன்று செஸ்டர்ஸாகக் குறைக்கப்பட்டது. கொட்டகையும் மலிவு தானியமும் உரிமைப் பத்திரம் கேட்பதில்லை. பசித்தவர் யாராக இருந்தாலும் அவருக்குப் போய்ச் சேரும் நிவாரணம் இதுதான்; இதைச் செய்தவர் வரலாறு முழுதும் ஏசப்படும் நீரோ.

ஓய்வுபெற்ற கணக்கர்:

நீரோவுக்கு மாலை போடுவதற்கு முன் அடுத்த பக்கத்தையும் புரட்ட வேண்டும். இடிபாடுகளையும் சடலங்களையும் அரசே இலவசமாக அகற்றும் என்று அறிவித்துவிட்டு, உரிமையாளர் எவரையும் தம் சொந்த மனையின் பக்கம் வரவிடவில்லை, அங்கே கிடந்தவற்றை அள்ளிக்கொள்ளவே இந்த ஏற்பாடு என்கிறார் பேரரசர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய சூட்டோனியஸ். மறுகட்டுமானச் செலவுக்காக இத்தாலியும் மாகாணங்களும் கசக்கிப் பிழியப்பட்டன, கோயில்களின் பொன் சூறையாடப்பட்டது என்கிறார் டாசிட்டஸ். ரோமின் ஏழைக்கு மலிவாகக் கிடைத்த தானியத்துக்கு எங்கோ ஒரு மாகாணத்து உழவர் விலை கொடுத்தார்.

ஆனாலும் நிர்வாகப் பார்வையில் அந்த மறுகட்டுமான விதிகள் மிக நேர்த்தியானவை. அகலமான தெருக்கள், உயரத்துக்கு வரம்பு, இரு வீட்டுக்குப் பொதுச்சுவர் கூடாது, கட்டடத்தின் ஒரு பகுதி தீத்தாங்கும் காபீ அல்லது ஆல்பா கல்லில் இருக்க வேண்டும், குறித்த காலத்துக்குள் முடிப்பவருக்குத் தகுதிக்கேற்ற ஊக்கத்தொகை. தானியம் ஏற்றி டைபர் ஆற்றில் மேலே வந்த கப்பல்கள் வெறுங்கப்பலாகத் திரும்பாமல் இடிபாடுகளை ஏற்றிச் சென்று ஓஸ்தியாவின் சதுப்பில் கொட்டின. திரும்பும் வண்டியை வெறுமனே விடாத அந்த மூளையை நான் மெச்சுகிறேன். தெரு அகலமானதால் நிழல் போயிற்று, வெயில் தாங்கவில்லை என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள்.

செங்காந்தள்:

இத்தனை பேசியும் வெசூவியஸ் எரிமலையைத் தொடவில்லையே! இந்த இழையின் கேள்விக்கு நேரான சான்று அங்கேதான் இருக்கிறது, அதுவும் இரண்டு சான்றுகள் ஒன்றோடொன்று முரண்படும் வடிவில்.

79-இல் எரிமலை வெடித்தபோது டைட்டஸ் பேரரசராகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. பேரரசருக்குரிய அக்கறையோடு மட்டுமன்றித் தந்தைக்குரிய பரிவோடும் நடந்துகொண்டார் என்று சூட்டோனியஸ் புகழ்கிறார். கான்சல் பதவி வகித்தவர்களிலிருந்து சீட்டுக் குலுக்கிப் போட்டு, எரிமலையைச் சுற்றிய கம்பானியா பகுதியை மீட்டமைக்கும் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்தார். வாரிசு இல்லாமல் மாண்டவர்களின் சொத்து முறைப்படி அரசுக்குச் சேர வேண்டும்; டைட்டஸ் அதை எடுத்துக்கொள்ளவில்லை. இதுவரை சூட்டோனியஸும் இன்னொரு வரலாற்றாசிரியரான காசியஸ் டியோவும் ஒத்துப் போகிறார்கள். அந்தச் சொத்து யாருக்குப் போயிற்று என்பதில்தான் பிளவு. பாதிக்கப்பட்ட நகரங்களை மீட்டமைக்க ஒதுக்கப்பட்டது என்கிறார் சூட்டோனியஸ். அங்கு வாழ்ந்த மக்களுக்கு வழங்கப்பட்டது என்று எழுதுகிறார் காசியஸ் டியோ. நெய்தலான் கேட்ட அதே கேள்விக்கு, பண்டைய ஆசிரியர்களே ஆளுக்கொரு விடை சொல்கிறார்கள்.

எனக்கு டியோவின் பக்கம் சாயத் தோன்றுகிறது. காரணம், எரிமலை புதைத்த நகரங்களான பாம்பேயையும் ஹெர்குலேனியத்தையும் திரும்பக் கட்டவே இல்லை. மீட்டமைக்க அங்கே நகரம் இல்லை. பணம் செலவாகியிருந்தால், மக்கள் போய்ச் சேர்ந்த இடங்களில்தான் செலவாகியிருக்க வேண்டும்.

மக்கள் தப்பினார்களா என்ற ஐயம் வேண்டாம். பாம்பேயின் மக்கள்தொகையைப் பத்தாயிரத்துக்கு மேல் மதிப்பிடுவது வழக்கம். மூன்றில் இரண்டு பங்கு தோண்டப்பட்ட நகரில் இதுவரை கிடைத்துள்ள உடல்கள் ஏறத்தாழ 1,150. வெளியே சாலையிலும் கடற்கரையிலும் மாண்டவர்களைக் கூட்டினாலும், கணிசமானோர் முதல் நாளிலேயே வெளியேறியிருக்க வேண்டும். ஸ்டீவன் டக் என்ற அமெரிக்க ஆய்வாளர், பாம்பேய்க்கும் ஹெர்குலேனியத்துக்கும் உரிய குடும்பப் பெயர்கள் 79-க்குப் பின் வேறு எந்த ஊர்க் கல்வெட்டுகளில் தோன்றுகின்றன என்று பல ஆண்டுகள் தேடினார். பன்னிரண்டு ஊர்களில் இருநூறுக்கும் மேற்பட்ட பிழைத்தவர்களை அடையாளம் கண்டதாகச் சொல்கிறார். கூமே, நேப்பிள்ஸ், புத்தியோலி, ஓஸ்தியா ஆகியவை முதன்மையானவை.

அவற்றில் என் மனத்தில் நிற்பது உம்பிரிசியஸ் குடும்பம். கரும் என்னும் மீன்சாறு அந்தக் காலத்து ரோமச் சமையலில் உப்பைப் போல. பாம்பேயில் அதைக் காய்ச்சி விற்றுப் பெரும் பணம் சேர்த்தவர் அவுலஸ் உம்பிரிசியஸ் ஸ்காரஸ். தம் மீன்சாற்றுச் சாடிகளையே வீட்டுத் தரையில் வண்ணக்கல் ஓவியமாகப் பதித்து வைத்தவர். நாற்றமுள்ள தொழில் என்று ஊர் பேசினாலும் அவருக்கு வெட்கமில்லை. வெடிப்புக்குப் பின் புத்தியோலிக் கல்வெட்டில் அதே குடும்பப் பெயர் தோன்றுகிறது; அங்கே பிறந்த பிள்ளைக்கு அவர்கள் வைத்த பெயர் புத்தியோலானஸ், அதாவது புத்தியோலிக்காரன்.

இந்த ஊர்களில் அதே காலத்தில் அரசுப் பணம் கட்டடங்களாக முளைத்ததையும் டக் சுட்டுகிறார். நேப்பிள்ஸிலும் சொரெண்டோவிலும் நிலநடுக்கத்தால் விழுந்தவற்றை டைட்டஸ் மீட்டமைத்ததாகக் கல்வெட்டுகள் உள்ளன. சொரெண்டோவில் அது ஒரு பொதுக் கடிகாரம்.

மாணவன்_மதுரை:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வெடிப்பின்போதே மக்களை மீட்க அரசு ஏதும் செய்யவில்லையா?

செங்காந்தள்:

செய்தது, தம்பி. மிசேனத்தில் இருந்த கடற்படையின் தலைவர் மூத்த பிளினி. மேலே பழங்காசு குறிப்பிட்ட அதே பிளினிதான். மலைமேல் எழுந்த மேகத்தை ஆராயும் ஆவலில் ஒரு சிறு படகைக் கேட்டார். மலையடியில் சிக்கிய ரெக்டினா என்ற பெண்ணிடமிருந்து உதவி கேட்டுச் செய்தி வந்ததும் திட்டத்தை மாற்றி, பெரிய போர்க்கப்பல்களை இறக்கிக் கரையோர மக்களையெல்லாம் மீட்கக் கிளம்பினார். சாம்பலும் கல்லும் கொட்ட, கரையும் அணுக முடியாதபடி ஆகிவிட, அருகிலிருந்த ஸ்தாபியே என்ற ஊரில் ஒதுங்கினார். மறுநாள் அங்கேயே உயிர் விட்டார். ஹெர்குலேனியத்தின் படகுக் கொட்டில்களில் முந்நூறு பேரளவில் எலும்புக்கூடுகளாகக் கிடைத்தார்கள். அவர்களும் கடல் வழியாக யாராவது வருவார்கள் என்று காத்திருந்திருக்கக்கூடும்.

கல்வெட்டுக்காதலன்:

செங்காந்தள் அவர்களுக்கு ஒரு தடை. பெயரைக் கொண்டு ஆளைத் தேடும் முறையை நான் அரை மனத்தோடுதான் ஏற்கிறேன். விடுதலை பெற்ற அடிமை தம் பழைய உடைமையாளரின் குடும்பப் பெயரைச் சூடுவது ரோம வழக்கம். ஆகவே ஒரு குடும்பப் பெயர் பத்து ஊர்களில் பரவ எரிமலை தேவையில்லை, வணிகமே போதும். பாம்பேயின் வணிகர்கள் வெடிப்புக்கு முன்பே புத்தியோலியோடு தொழில் செய்தவர்கள். நேப்பிள்ஸில் வெட்டியா சபீனா என்ற பெண்ணின் கல்லறையில் உள்ள "ஹவே" என்ற சொல்லையும் பாம்பேய்த் தொடர்புக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். அதே சொல் பாம்பேயின் புகழ்பெற்ற ஃபான் மாளிகையின் வாசற்படியில் இருப்பது உண்மைதான். ஆனால் அது எவரும் சொல்லக்கூடிய வாழ்த்துச் சொல்.

இன்னொன்று. கல்வெட்டு வைப்பதற்கே காசு வேண்டும். எனவே இருநூறு பேர் என்பது கல்லறை கட்டிக்கொள்ள வசதியிருந்த இருநூறு பேர்.

அரசு எல்லா இடத்திலும் வந்து நின்றது என்றும் எண்ண வேண்டாம். கி.பி. 60-இல் ஆசியாவின் லவோதிக்கேயா நகரம் நிலநடுக்கத்தில் இடிந்தபோது, ரோமிடமிருந்து எந்த உதவியும் இல்லாமல் தன் செல்வத்தாலேயே எழுந்தது என்று டாசிட்டஸ் பதிவு செய்கிறார். தனக்கு ஒரு குறைவும் இல்லை என்று சொல்லிக்கொள்வதாக விவிலியம் கடிந்துகொள்ளும் அதே லவோதிக்கேயா. பாம்பேயிலும் வெடிப்புக்குப் பதினேழு ஆண்டு முன்னர் வந்த நிலநடுக்கத்துக்குப் பின், ஐசிஸ் கோயிலை அடித்தளத்திலிருந்து கட்டித் தந்தவராகக் கல்வெட்டு சொல்வது பொப்பிடியஸ் செல்சினஸ் என்ற ஆறு வயதுச் சிறுவனை. பணம் அவனுடைய தந்தையுடையது என்று கொள்வதே இயல்பு. விடுதலை பெற்ற அடிமையாகையால் அவர் நகர மன்றத்தில் அமர முடியாது, மகனோ அமரலாம். மன்றமும் அந்த ஆறு வயதுப் பையனைக் கட்டணமின்றி உறுப்பினனாக்கிக்கொண்டது. பேரிடர் சிலருக்கு ஏணியாகவும் இருந்தது.

ஓய்வுபெற்ற கணக்கர்:

அந்த நிலநடுக்கத்தின் மறுபக்கம் ஒன்று, என் துறைக்கு நெருக்கமானது. பாம்பேயின் வாயில்களுக்கு வெளியே பேரரசர் வெஸ்பாசியன் காலத்துக் கல்வெட்டுகள் நிற்கின்றன. சூவேதியஸ் கிளெமென்ஸ் என்ற படைத்துறை அதிகாரி, தனியார் பிடித்து வைத்திருந்த பொது நிலங்களை ஆய்ந்து அளந்து நகரத்துக்கே மீட்டுக் கொடுத்ததாக அவை சொல்கின்றன. நம் மொழியில் ஆக்கிரமிப்பு அகற்றம். அந்த ஆக்கிரமிப்பாளர்களில் செல்வாக்குள்ளவர்களும் இருந்திருப்பார்கள், வீடு இடிந்து வெளியே குடிசை போட்டவர்களும் இருந்திருக்கலாம். கல்வெட்டு இரு சாராரையும் பிரித்துச் சொல்லவில்லை.

செங்காந்தள் சொன்ன டைட்டஸின் ஏற்பாட்டைப் பற்றிப் பேசினால், நடைமுறையில் எனக்கு முதலில் எழும் கேள்வி ஒன்றே. வாரிசு இல்லை என்று எப்படி உறுதி செய்தார்கள்? நான் வேலை பார்த்த காலத்தில் ஒரே ஒரு வாரிசுச் சான்றிதழுக்கு எத்தனை நடை என்பது எனக்குத் தெரியும். அதுவும் பத்திரப் பதிவும் பிறப்புப் பதிவும் உள்ள காலம். அங்கே உயில், கடன் பத்திரம், விடுதலைப் பத்திரம் எல்லாம் மெழுகு பூசிய மரப்பலகைகளில் வீட்டுப் பெட்டிக்குள் இருந்தன. வீடு மண்ணுக்குள் போனால் பத்திரமும் போயிற்று.

ஹெர்குலேனியத்தில் கிடைத்த பலகைகளில் பெத்ரோனியா யூஸ்தா என்ற பெண்ணின் வழக்கு இருக்கிறது. வெடிப்புக்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்தது. அவள் பிறந்தது தாய் அடிமையாக இருந்தபோதா, விடுதலை பெற்ற பிறகா என்பதே வழக்கு. முன்பு என்றால் அவள் அடிமையாகப் பிறந்தவள், பிறகு என்றால் பிறப்பிலேயே சுதந்திரமானவள். எழுத்துச் சான்று ஏதும் இல்லாமல், அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு சாட்சி சொல்கிறார்கள். தீர்ப்பு அந்தப் பலகைகளில் இல்லை. அப்படியொரு பெண் 79-இல் உயிர் தப்பி நேப்பிள்ஸ் போய்ச் சேர்ந்திருந்தால், அவள் யார் என்று சொல்லச் சாட்சிகளும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். அது அவளுக்கு நன்மையாகவும் முடிந்திருக்கலாம். அவளை அடிமை என்று சொல்லவும் ஆளில்லையே. ஆனால் பொறுப்பாளர்கள் முன் போய் நின்று, இறந்த உறவினரின் சொத்தைக் கேட்க வழியில்லை.

ஆகவே சூட்டோனியஸும் டியோவும் முரண்படவில்லை என்றே எனக்குப் படுகிறது. உரிமையை நிறுவ முடிந்தவர்களுக்கு ஆள் கணக்கில் கிடைத்திருக்கும். எஞ்சியது ஊர்க் கணக்கில் போயிருக்கும். நிவாரண நிதிகள் பெரும்பாலும் அப்படித்தான் முடியும்.

நெய்தலான்:

ஐயாவின் விளக்கம் எனக்கு நிறைவாக இருக்கிறது, ஒன்றைத் தவிர. உரிமையை நிறுவ முடியாதவர்கள், கல்லறை கட்டிக்கொள்ள வழியில்லாதவர்கள், புத்தியோலியில் உறவு இல்லாதவர்கள் எங்கே போனார்கள்? அவர்களைப் பற்றிக் கல்லும் ஏடும் பேசாவிட்டால் மண்ணாவது பேசுகிறதா?

செங்காந்தள்:

மண் பேசியிருக்கிறது, அண்மையில்தான். பாம்பேய்த் தொல்லியல் பூங்கா 2025 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். நகரின் தென்பகுதிக் கட்டடத் தொகுதி ஒன்றில் வேலை செய்தபோது, 79-க்குப் பிறகும் அங்கே மக்கள் வாழ்ந்ததற்கான தடயங்கள் கிடைத்துள்ளன. போக்கிடம் இல்லாமல் திரும்பி வந்த பழைய குடிகளும், ஏதாவது கிடைக்கும் என்று வந்த வேற்றூர் ஏழைகளுமாக இருக்கலாம் என்கிறார்கள். ஐந்தாம் நூற்றாண்டு வரை அந்த வாழ்க்கை நீடித்திருக்கிறது. முந்தைய தோண்டல்காரர்கள் கீழேயுள்ள அழகிய சுவரோவியங்களை எட்டும் அவசரத்தில் இந்த மேலடுக்கைக் கவனிக்காமல் வெட்டி எறிந்துவிட்டார்கள் என்பதையும் அறிக்கை ஒளிக்கவில்லை.

சாம்பலுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்த மாடிகளில் அவர்கள் குடியேறினார்கள். பழைய தரைத்தளம் நிலவறையாகிவிட்டது. அதற்குள் இறங்கி அடுப்பு போட்டார்கள், மாவரைக்கும் கல்லையும் வைத்துக்கொண்டார்கள்.